சுவரில் பதிக்கும் மின் ஓவன்: கடையில் விலை கேட்குமுன் மீட்டரில் கணக்குப் பாருங்கள்



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்போது எழும்பும் புது வீடுகளைப் பார்த்தால், சமையலறை நம் காலத்துச் சமையலறையாக இல்லை. ஆள் உயரத்துக்கு அலமாரி, அதன் நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி. அதுதான் சுவரில் பதிக்கும் மின் ஓவன். வெளியூரில் படித்து வந்த பிள்ளைகளும் மருமக்களும் கேக், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

மளிகை வியாபாரிகளுக்கான ஏட்டில் ஓவனைப் பற்றி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம்மில் பாதிப்பேருக்குக் கீழே கடை, பின்னால் குடோன், மாடியில் வீடு. கீழே எண்ணெய் டின்னும், தீப்பெட்டிப் பண்டலும், சாக்கும், அட்டைப் பெட்டியும் அடுக்கியிருக்க, மேலே பிள்ளைகள் தூங்குகிறார்கள். மாடியில் ஒரு வயர் சூடேறினால் போவது சமையலறை மட்டும் அல்ல. ஆகவே இந்தப் பாடத்தை நாம் மற்றவர்களை விடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

வயர்மேன் வேலையைக் கற்றுத் தருவது என் நோக்கம் அல்ல. அந்த வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஆனால் சரக்கின் தரம் தெரியாமல் கொள்முதல் செய்பவன் ஏமாறுவான். அதுபோல, வேலை செய்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கே இந்தக் கட்டுரை.

கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால்கோவா கிண்டும் விறகு அடுப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெருப்பு கண்ணெதிரே எரிகிறது. கூடினால் விறகை இழுக்கிறார்கள், குறைந்தால் தள்ளுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் சாக்குப்பையைப் போட மாட்டார்கள்.

மின் ஓவனில் நெருப்பு தெரியாது. பெட்டிக்குள் 200 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போதும் வெளியே ஒரு சிறு விளக்குதான் எரியும். அதை விட முக்கியமானது, அந்தச் சூட்டுக்கு வேண்டிய மின்சாரம் மீட்டரிலிருந்து சமையலறை வரை சுவருக்குள் ஓடி வருகிறது. வழியில் எங்காவது வயர் மெலிந்திருந்தால், இணைப்பு தளர்ந்திருந்தால், அங்கேயும் ஓர் அடுப்பு மூண்டுவிடும். அது சுவருக்குள் இருப்பதால் நமக்குத் தெரியாது. ஓவனைப் பொருத்துவது என்றால் சுவரில் ஒரு பெட்டியைச் சொருகுவது அல்ல, மீட்டர் முதல் பெட்டி வரை உள்ள சங்கிலி முழுவதையும் சரி பார்ப்பது.

மின்சாரக் கணக்கு

இந்தக் கணக்கு நம் பேரேட்டுக் கணக்கை விடச் சுலபம். நம் வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் சுமார் 230 வோல்ட். சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். ஆம்பியர் என்பது வயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு.

சுவர் ஓவன்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 வாட் வரை இருக்கும். 3,000 வாட் என்று வைத்துக்கொண்டால் 3,000 ÷ 230 = 13 ஆம்பியர். ஒரு மின்விசிறி கால், அரை ஆம்பியரைத் தாண்டாது. மிக்சி 750 வாட் என்றாலும் சில நிமிடம் ஓடி நின்றுவிடும். ஓவன் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். இந்தத் தொடர்ச்சிதான் வயருக்குச் சோதனை.

இனி வீட்டு மொத்தக் கணக்கு. ஓவன் 3,000, வாட்டர் ஹீட்டர் 2,000, ஒன்றரை டன் ஏ.சி. 1,700 என்று வைப்போம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 6,700 வாட், அதாவது 29 ஆம்பியர். அந்த நேரம் பார்த்து ஒரு குதிரைசக்தி தண்ணீர் மோட்டாரைப் போட்டால் இன்னும் 750 வாட். கூட்டுத்தொகை 32 ஆம்பியரைத் தாண்டிவிடும். பல வீடுகளில் மெயினே 32 ஆம்பியர்தான்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரே வயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரின் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். "கொஞ்சம் கூடத்தானே, தாங்கும்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

முதல் வேலை மீட்டர் பெட்டியில்

ஓவன் வாங்கக் கடைக்குப் போகுமுன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் தொடங்கியது முதல் இன்றைய மின் பகிர்மானக் கழகம் வரை பெயர் எத்தனை மாறினாலும் நமக்கு அது இ.பி. ஆபீஸ்தான். அங்கே உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் பளு அனுமதித்திருக்கிறார்கள், ஒருமுனையா மும்முனையா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள சாதனங்களின் வாட்டை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அனுமதித்த பளுவைத் தாண்டினால் கூடுதல் பளுவுக்கு முறைப்படி விண்ணப்பம் கொடுங்கள். தேவைப்பட்டால் மும்முனை இணைப்புக்கு மாறச் சொல்வார்கள்.

மும்முனை வீடு என்றால் ஓவனை ஒரு முனையிலும், ஹீட்டரையும் ஏ.சி.யையும் மற்ற முனைகளிலும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வீட்டு ஓவன் 220-240 வோல்ட் என்று குறித்திருந்தால் அது ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வேலை செய்வது. இரண்டு முனைகளுக்கு நடுவே கொடுத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் பாய்ந்து ஓவன் கருகிவிடும்.

மீட்டர் வரை உள்ள வேலை இ.பி.யின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் உள்ளது நம் பொறுப்பு. மீட்டர் சீலை வயர்மேன் உட்பட யாரும் தொடக்கூடாது.

'மின்கசிவு' என்ற ஒரே சொல்

தீ விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் பெரும்பாலும் 'மின்கசிவு காரணமாக' என்று வரும். 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பந்தல் தீப்பற்றி மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் எரிந்து, பழமையான கல் மண்டபமே சேதமடைந்தது. இரண்டிலும் மின்கசிவு என்ற சொல்தான் அடிபட்டது. ஆனால் இந்த ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. நோய்க்குத் தகுந்த மருந்துதான் கேட்கும்.

ஒன்று, அதிகப் பளு. வயர் தாங்கும் அளவுக்கு மேல் இழுப்பது. இதற்கு மருந்து சரியான அளவு எம்.சி.பி. அளவு மீறினால் அது தானே விழுந்துவிடும்.

இரண்டு, ஷார்ட் சர்க்யூட். பேஸ் வயரும் நியூட்ரல் வயரும் நேராக ஒட்டிக்கொள்வது. இதற்கும் எம்.சி.பி.தான் காவல்.

மூன்று, உண்மையான மின்கசிவு. மின்சாரம் வயரை விட்டுச் சாதனத்தின் உடலுக்கோ, ஈரச் சுவருக்கோ, மனிதன் உடலுக்கோ பாய்வது. உயிரைக் கொல்லும் அளவு கசிவுகூட எம்.சி.பி.க்குப் பொருட்டே அல்ல. அதன் கணக்கு ஆம்பியரில் ஓடுகிறது, மனித உயிரின் கணக்கு மில்லி ஆம்பியரில் ஓடுகிறது. இதைப் பிடிப்பது ஆர்.சி.சி.பி. என்ற வேறு கருவி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் வரவு செலவு பார்க்கும். வீட்டில் ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். ஆர்.சி.சி.பி. அதிகப் பளுவைப் பிடிக்காது. ஆகவே இரண்டும் வேண்டும்.

நான்கு, தளர்ந்த இணைப்பு. திருகு சரியாக முடுக்காத இடத்தில் மின்சாரம் ஒரு குறுகிய வழியில் நெருக்கியடித்துப் போகிறது. அந்த ஒரு புள்ளி மட்டும் காய்ந்து, கருகி, கடைசியில் பற்றிக்கொள்கிறது. மின்னோட்டம் அளவுக்குள் இருப்பதால் எம்.சி.பி. விழாது. வெளியே கசியாததால் ஆர்.சி.சி.பி.யும் விழாது. இந்த நோய்க்கு மருந்து நல்ல வேலைப்பாடு ஒன்றுதான்.

ராஜபாளையத்தில் நான் அறிந்த ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. ஏ.சி.க்கென்று போட்டிருந்த பழைய பாயிண்டில் ஓவனைக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் முறை ஓவனைப் போட்டபோது பிளாஸ்டிக் கருகும் வாடை. வீட்டம்மா உடனே மெயினை நிறுத்தினார். திறந்து பார்த்தால் பிளக் பெட்டிக்குள் ஒரு திருகு பாதிதான் முடுக்கியிருந்தது. அதைச் சுற்றிலும் பழுப்பாகக் காய்ந்திருந்தது. கடைசி வரை எம்.சி.பி. விழவே இல்லை. அந்த அம்மாவின் மூக்கு காப்பாற்றியது. எல்லா வீட்டிலும் அப்படி அமையாது.

வயர், ஸ்விட்ச், பிளக்

ஓவனுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். வழியில் வேறு விளக்கோ, பிரிட்ஜோ, மிக்சியோ அதில் சேரக்கூடாது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் 3,000 வாட் அளவுள்ள ஓவனுக்குப் பொருத்தம். 2.5 போதும் என்று சொல்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் மொட்டை மாடி வழியாகக் குழாயில் நீண்ட தூரம் வரும் வயருக்கு ஒரு படி கூடுதலாகப் போடுவதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓவனோடு வரும் கையேட்டில் வயரும் எம்.சி.பி.யும் என்ன அளவு என்று குறித்திருந்தால் அதுவே முடிவு.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்றால் 20-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது சிலர் வழக்கம். தராசு குறைவாகக் காட்டுகிறது என்று எடைக்கல்லை மாற்றுவது போன்ற வேலை இது. எம்.சி.பி. காப்பது ஓவனை அல்ல, சுவருக்குள் உள்ள வயரை. வயர் பழைய வயராகவே இருக்க, எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் காவல்காரனைத் தூங்க வைத்ததாகும்.

பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். அதில் ஓவனைச் சேர்க்க வேண்டாம். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கிய இடம் நாளடைவில் அரித்துத் தளர்ந்துவிடும். ஓவனுக்கு மட்டுமாவது மெயினிலிருந்து புதுச் செம்பு வயர் இழுத்துவிடுங்கள்.

6 ஆம்பியர் சின்ன பிளக்கில் ஓவனைக் கொடுக்கவே கூடாது. பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 3,500 வாட் ஓவன் 15 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் அது எல்லையை ஒட்டி வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஓவனை பிளக் இல்லாமல் நேராக டபுள் போல் ஸ்விட்ச் வழியாக இணைப்பது நல்லது. டபுள் போல் என்றால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும் ஸ்விட்ச். எதுவானாலும் அந்த ஸ்விட்சை ஓவனுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அவசரத்தில் 30, 40 கிலோ பெட்டியை இழுத்துவிட்டு யார் ஸ்விட்சைத் தேடுவது? பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், ஓவனை அசைக்காமல் நிறுத்தும்படி இருக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி, மல்டி பிளக் இரண்டும் ஓவன் இருக்கும் இடத்துக்கே வரக்கூடாது. இன்வெர்ட்டர் இணைப்பிலும் ஓவனைச் சேர்க்கக்கூடாது.

வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., பிளக் எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வயருக்கு ஐ.எஸ். 694, பிளக்குக்கு ஐ.எஸ். 1293, ஆர்.சி.சி.பி.க்கு ஐ.எஸ். 12640 என்ற எண்கள் இருக்கும். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். நம்மில் சிலர் கடையில் பிளக், எக்ஸ்டென்ஷன் பெட்டி விற்கிறோம். முத்திரை இல்லாத சரக்கில் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கலாம். அது நம் ஊர் வீட்டுச் சுவரில்தான் மாட்டப் போகிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தில் உள்ள ஆபத்து

இதை வயர்மேனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் பழக்கப்பட்ட நிறங்கள் மும்முனைக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால் ஓவனோடு வரும் வயரில் பெரும்பாலும் ஐரோப்பிய முறை நிறங்கள் இருக்கும். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த்.

நம் சுவரில் நீலம் என்றால் உயிருள்ள பேஸ். ஓவனின் நீலம் நியூட்ரல். நிறத்தோடு நிறம் சேர்த்து முறுக்கினால், ஓவனின் நியூட்ரலில் பேஸ் ஏறிவிடும். நிறத்தை நம்பாமல் டெஸ்டரால் பார்த்து, முனையில் உள்ள குறியைப் பார்த்து இணைக்க வேண்டும். இங்கிலீஷில் 'எல்' என்ற எழுத்து பேஸ், 'என்' என்பது நியூட்ரல்.

எர்த் என்ற காப்பு

எர்த் இல்லாத வீட்டில் இந்த ஓவனைப் பொருத்தாதீர்கள். ஓவனின் உடல் முழுவதும் இரும்பு. உள்ளே ஹீட்டர் கம்பி பழுதாகி உடலில் மின்சாரம் ஏறினால், அது தரைக்கு ஓட எர்த் வயர் வழி கொடுக்கும். வழி இல்லையென்றால் கதவைத் தொடுகிற கைதான் வழி.

சில வீடுகளில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் பிளக் பெட்டிக்குள்ளேயே ஒரு துண்டு வயரால் சேர்த்து, எர்த் கொடுத்தாயிற்று என்று போய்விடுகிறார்கள். இது மிகவும் கொடியது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஓவன் உடம்பில் முழு மின்சாரமும் வந்து நிற்கும். எர்த் வயர் தனியாக மெயின் பெட்டிக்குப் போய், அங்கிருந்து எர்த் குழிக்குப் போக வேண்டும்.

மலையடிவாரத்தில் இருக்கும் நம் பகுதியில் பல இடங்களில் அடியில் பாறை, மேலே காய்ந்த மண். கோடையில் எர்த் குழி வறண்டுவிடும். வறண்ட மண் மின்சாரத்தை வாங்காது. சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடைக் காலத்தில் தண்ணீர் ஊற்றி வருவது நம் பக்கத்து வழக்கம். ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. எர்த் டெஸ்டர் கருவி வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். புது எர்த் போட இடம் இல்லாத கடைவீதி வீடுகளில் வேலைக்கு முன்பே இதை வயர்மேனிடம் பேசிவிடுங்கள்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை

ஓவனை வாங்கி, அதன் கையேட்டில் உள்ள அளவுப் படத்தை ஆசாரி கையில் கொடுத்த பிறகே பலகை அறுக்க வேண்டும். பெரும்பாலான ஓவன்களின் முகப்பு சுமார் 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். உள்ளே போகும் பொந்து சுமார் 56 சென்டிமீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமும் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். முதலில் அலமாரி, பிறகு அதற்குத் தகுந்த ஓவன் என்று தேடினால் பின்பக்கக் காற்று இடைவெளியைத்தான் வெட்டிக் குறைப்பார்கள்.

காற்று இடைவெளி வீண் இடம் அல்ல. ஓவனின் சூடு வெளியேறும் வழி அது. பொந்தின் பின்பலகையைக் கையேட்டில் சொன்னபடி திறந்து விட வேண்டும். அழகுக்காகச் சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைக்கக்கூடாது. பலகையும் அதில் ஒட்டிய மைக்காவும் பசையும் சூடு தாங்குபவையா என்று கேளுங்கள். மட்டமான பசை சூட்டில் இளகி மைக்கா கிளம்பிவிடும்.

அடிப்பலகை பெட்டியின் எடையோடு உள்ளே வைக்கும் தட்டின் எடையையும் தாங்க வேண்டும். பெட்டியைச் சமமட்டம் பார்த்து வைத்து, பக்கத்தில் உள்ள திருகுகளை அலமாரியோடு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து கனமான தட்டை இழுக்கும்போது பெட்டி முன்னால் சாயும்.

உயரத்தையும் யோசியுங்கள். சூடான தட்டை முகத்துக்கு மேலிருந்து இறக்கும்படி வைக்கக்கூடாது. மிகவும் தாழ வைத்தால் தவழும் குழந்தையின் கை கண்ணாடியில் படும். சமைப்பவரின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இருப்பது வசதி. கேஸ் சிலிண்டரும் அதன் ரப்பர் குழாயும் ஓவனுக்குப் பின்னாலோ ஒட்டியோ போகக்கூடாது. தண்ணீர் ஒழுகும் சுவரும் ஆகாது.

பொருத்தும் நாள்

தகுதிச் சான்று உள்ள வயர்மேன், அல்லது உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்யுங்கள். கம்பெனி ஆள் வந்து பெட்டியைப் பொருத்துவார். வயர், எம்.சி.பி., எர்த் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்து, யாரும் மறுபடி போடாதபடி பூட்டியோ ஆள் நிறுத்தியோ வேலை செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் மெக்கர் கருவியால் வயரின் காப்பைச் சோதித்து அளவைக் குறித்து வாங்குங்கள்.

பிறகு வெறும் ஓவனைச் சன்னல்களைத் திறந்து வைத்து, கையேடு சொல்லும் நேரம் வரை சூடாக்குங்கள். புது ஓவனில் முதல் முறை சற்றுப் புகையும் வாடையும் வரும். ஆனால் அந்த வாடை ஓவனிலிருந்து வர வேண்டுமே தவிர, ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வரக்கூடாது. ஸ்விட்ச் முகப்பு சுட்டால் உடனே மெயினை நிறுத்தி வயர்மேனைக் கூப்பிடுங்கள். குடோனில் பல மாதம் கிடந்த ஓவனில் ஹீட்டர் ஈரம் வாங்கியிருந்தால் ஆர்.சி.சி.பி. விழும். அதற்காக ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்துவிடாதீர்கள். கம்பெனி ஆளே பார்த்துச் சரி செய்யட்டும்.

ஓவனை நிறுத்திய பிறகும் உள்ளே ஒரு விசிறி சிறிது நேரம் ஓடும். அது நின்ற பிறகே சுவர் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

வீட்டு இணைப்பா, வியாபார இணைப்பா

வீட்டுக்குச் செய்த கேக் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் கேட்பார்கள். பிறகு அதுவே கடையில் விற்பனைக்கு வரும். அப்போது வீட்டு இணைப்பில் வியாபாரம் நடப்பதாகிவிடும். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவின்படி, அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம். காலம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் முந்தைய 12 மாதம் வரை கணக்கிடலாம். விற்பனைக்குச் செய்வதென்றால் வியாபார இணைப்பு வாங்கி, உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்துகொண்டு தொடங்குங்கள்.

பில்லையும் பாருங்கள். 3,000 வாட் ஓவன் முழு மூச்சில் ஒரு மணி நேரம் இழுத்தால் 3 யூனிட். சூடு ஏறியதும் விட்டுவிட்டு இழுப்பதால் கொஞ்சம் குறையும். யூனிட் கூடக் கூட விகிதமும் படிப்படியாக உயர்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஆபத்து வந்தால்

ஓவனுக்குள் தீப்பற்றினால் கதவைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ கூடும். மெயினை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கடையில் வைத்திருக்கும் உலர் பொடித் தீயணைப்பான் இங்கேயும் உதவும். மாடியிலும் ஒன்று வையுங்கள். தீ சுவருக்கோ அலமாரிக்கோ பரவினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். மாடிப்படியில் மூட்டையும் பெட்டியும் அடுக்கியிருந்தால் வெளியேறும் வழி எது என்று இப்போதே யோசியுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின். பிறகு 108.

சுருக்கம்

1. சாதனங்களின் வாட்டைக் கூட்டி, அனுமதித்த பளுவோடு ஒப்பிடுங்கள்.
2. எர்த் அளவை ஓம் கணக்கில் எழுதி வாங்குங்கள்.
3. மெயினிலிருந்து தனிச் செம்பு வயர், அதற்குத் தகுந்த எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.
4. கைக்கு எட்டும் இடத்தில் டபுள் போல் ஸ்விட்ச்.
5. இதற்குப் பிறகு ஓவனைத் தேர்ந்தெடுங்கள்.
6. ஓவன் கையேட்டைப் பார்த்த பிறகே ஆசாரி வேலை.
7. ஒவ்வொரு திருகும் முடுக்கியிருக்கிறதா என்று பார்த்து, முதல் மாதம் முடிந்ததும் வயர்மேனை அழைத்து மறுபடி ஒருமுறை முடுக்கச் சொல்லுங்கள்.

முதல் நான்குக்கும் ஓவன் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓவன் வாங்கும் எண்ணம் இல்லாதவரும் இன்றைக்கே இவற்றைச் செய்யலாம். கடையில் பிரீசர் வைத்திருப்பவர், மாவு மில் வைத்திருப்பவர், வீட்டில் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர் எல்லோருக்கும் பளுக் கணக்கும், எர்த்தும், திருகு முடுக்குவதும் ஒன்றுதான்.

இன்று கடை அடைத்ததும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டி முன் நில்லுங்கள். மெயின் எத்தனை ஆம்பியர், ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் வயர் எங்கே போகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றுக்கும் பதில் எழுத முடியாதவர்கள் நாளைக் காலையில் வயர்மேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.